மறுக்கத் தெரியாத தீர்க்கதரிசி

தேசங்களுக்கான தீர்க்கதரிசிகள் பேரவை காலையில் அலுவலக நேரத்துக்குத் திறந்து மாலையில் அலுவலக நேரத்துக்கு மூடும். நடுவில் சாப்பாட்டு இடைவேளை உண்டு. அந்த வேளையில் எந்தத் தேசத்துக்கு என்ன ஆபத்து வந்தாலும், ஆட்கள் சாப்பிட்டுக் கைகழுவி வந்த பிறகுதான் வெளிப்படும்.

நாலு மாடிக் கட்டடம். சுற்றுச்சுவரின் வெளிப்பக்கம் முழுக்க உலகத்துக் கொடிகளை வரிசையாக வர்ணத்தில் தீட்டியிருந்தார்கள். உள்ளே ஒவ்வொரு தீர்க்கதரிசிக்கும் பாரம் சுமக்க, அதாவது உருகி ஜெபிக்க, ஒரு தேசம் ஒதுக்கப்பட்டிருந்தது. நல்ல கடற்கரையும் நல்ல ஹோட்டலும் உள்ள தேசங்களின் பாரத்தைச் சுமக்கப் பலத்த போட்டி. பஞ்சம் பிடித்த தேசங்களைப் புதிதாகச் சேர்ந்தவர்களின் தலையில் கட்டிவிடுவார்கள். நிலநடுக்கம் பற்றிய தீர்க்கதரிசனங்கள் நிலநடுக்கத்துக்கு மறுநாள் வெளியிடப்படும். பேரவை தொடங்கிய நாளிலிருந்து அவற்றில் ஒன்றுகூடப் பொய்த்ததில்லை.

இந்தப் பேரவைக்கு வாடகை வேன் ஓட்டுகிறவளை எல்லாரும் வேன்காரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். காலையும் மாலையும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்; நடுவில் பேரவைக்கு வரும் விருந்தினர்களை விமான நிலையத்திலிருந்து ஏற்றிவந்து இறக்குவது. நாற்பத்தாறு வயது. முப்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் கத்தினாலும் அதற்கு மேல் கத்தி அடக்கிவிடும் குரல். வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்த்துக் கொடுக்கிறவர். அவருடைய தங்கைதான் பேரவையின் வரவேற்பு மேஜையில் இருந்தாள். வேன் வேலை அவள் பிடித்துக் கொடுத்தது. அதை மாதம் ஒருமுறையாவது நினைவுபடுத்துவாள்.

அந்த மழைக்காலத்தில் ஒரு பழைய கப்பல் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. எங்கோ தூரத்தில் உள்ள ஒரு தீவு தேசத்தின் ஜனங்கள் அதில் இருந்தார்கள். அங்கே சண்டை, ஊரெல்லாம் எரிந்துபோயிற்று. இவர்களை உள்ளே விடுவதா திருப்பி அனுப்புவதா என்று பெரிய இடங்களில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பேச்சு முடியும்வரை துறைமுகத்துச் சரக்குக் கொட்டகையில் கம்பிவேலிக்குப் பின்னால் உட்கார வைத்திருந்தார்கள். வேன்காரம்மா விமான நிலையத்துக்குப் போக வர அந்த வேலியை ஒட்டித்தான் போகவேண்டும். ஒருநாள் சிக்னலில் நின்றபோது ஒரு பெண் வேலிக்குள்ளிருந்து ஈரத் துணியைப் பிழிந்துகொண்டே இவளைப் பார்த்தாள். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பச்சை விழுந்து, பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்த பிறகுதான் இவள் வண்டியை எடுத்தாள்.

மறுநாள் காலை பஞ்சர் கடையில் டயருக்குக் காற்றுப் பிடித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் குரல் கேட்டது. பெரிய குரலெல்லாம் இல்லை. பக்கத்தில் நின்று பேசுவது போலச் சாதாரணமாக இருந்தது.

"அவங்களுக்குக் கதவைத் திறக்கச் சொல்லு."

நிமிர்ந்து பார்த்தாள். பஞ்சர் கடைக்காரர் உள்ளே டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார். வேனில் ரேடியோ ஓடவில்லை.

"யார்கிட்ட?" என்று கேட்டாள்.

"உனக்குத் தெரிஞ்ச பெரிய கதவு எது?"

வால்வு மூடியைத் திருகிவிட்டு எழுந்தாள். "சரி" என்றாள். சந்தேகம் என்று ஒன்று வரவே இல்லை. அதுதான் பின்னால் பெரிய வினையாகப் போயிற்று.

வரவேற்பு மேஜையில் நாத்தனார் அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"அழைப்பா? உங்களுக்கா? அண்ணி, காலையில சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன். தலைவரைப் பாக்கணும்."

"அவர் நேரா எல்லாம் பாக்க மாட்டாரு. அழைப்பு சரிபார்ப்புக் குழு இருக்கு. அங்க போகணும். அண்ணி, தயவுசெஞ்சு என் மானத்தை வாங்கிடாதீங்க. நீங்க எங்க வீட்டு ஆளுன்னு இங்க எல்லாருக்கும் தெரியும்."

சரிபார்ப்புக் குழுவில் மூன்று பேர். நடுவில் பேரவைத் தலைவர். அவருக்கு வலப்பக்கம் நெறியாளர். தீர்க்கதரிசனம் இலக்கணப்படி வந்திருக்கிறதா என்று பார்ப்பவர். இடப்பக்கம் புலம்பல் துறையின் தலைவி. எந்தத் தேசத்தின் பெயரைச் சொன்னாலும் உடனே அழக்கூடியவர் என்பதால் கண்ணீரம்மா என்று பெயர். கேமரா எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்துக் கண்ணில் முதலில் நீர் வரும் என்று கட்டடத்தில் ஒரு பேச்சு உண்டு.

"அழைப்பு வந்தப்போ எங்க இருந்தீங்க?" என்று ஆரம்பித்தார் நெறியாளர்.

"டயருக்குக் காத்துப் பிடிச்சிட்டு இருந்தேங்க."

நெறியாளர் பேனாவைக் கீழே வைத்தார். "மலை, வனாந்தரம், ஆத்தங்கரை, இப்படி ஏதாவது பக்கத்துல இருந்துதா?"

"பக்கத்துல ஒரு மருந்துக் கடைதாங்க."

"முட்செடி மாதிரி ஏதாவது எரிஞ்சுதா?"

"வயிறு எரிஞ்சுதுங்க. அந்த ஜனங்களைப் பாத்ததுல இருந்து எரிஞ்சுட்டுதான் இருக்கு."

"வயிறு கணக்குல வராது. சரி, குரல் கேட்டதும் நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னேன்."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கண்ணீரம்மாகூட அழாமல் திகைத்திருந்தார்.

"உடனேவா?"

"வால்வு மூடியை மாட்டிட்டுச் சொன்னேங்க."

"எனக்கு வாய் திக்கும், நான் சின்னப்பிள்ளை, வேற யாரையாவது அனுப்பும், இப்படி எதுவும் சொல்லலையா?"

"எனக்கு வாய் திக்காதுங்களே. சின்னப்பிள்ளைன்னு சொன்னா நம்புவாரா?"

தலைவர் தொண்டையைச் செருமினார். அவர் செருமினால் அது பேருரையின் தொடக்கம்.

"அம்மா, நீங்க நல்லவங்க. ஆனா மறுப்பு இல்லாத அழைப்பு செல்லாது. வேதத்துல பாருங்க, பெரியவங்க யாரும் உடனே ஒத்துக்கல. ஒருத்தர் கப்பலேறி ஓடியே போனார். தாழ்மைன்னா அதுதான். என்னையே எடுத்துக்குங்க. இந்தத் தலைவர் பதவிக்கு அழைப்பு வந்தப்போ நான் எவ்வளவு நாள் மறுத்தேன் தெரியுமா? சின்னக் கார் குடுக்கறேன்னாங்க, மறுத்தேன். முதல் மாடியில ரூம் குடுக்கறேன்னாங்க, மறுத்தேன். மறுக்க மறுக்கத்தான் அழைப்பு பெருசாகும். பெரிய காரும் நாலாம் மாடியும் வந்த பிறகுதான் இது ஆண்டவரோட சித்தம்னு எனக்கு உறுதியாச்சு."

"இதோ இருக்கேன், என்னை அனுப்புன்னு ஒருத்தர் உடனே சொன்னதா எங்க சபையில சொல்லியிருக்காங்களே?"

"அவருக்கு உதட்டுல நெருப்புத் தணல் வச்சாங்க" என்றார் நெறியாளர். "உங்களுக்கு வச்சாங்களா?"

"இல்லீங்க."

"அப்ப மறுப்புதான் வழி. போய் மறுத்துட்டு வாங்க."

வேன்காரம்மா எழவில்லை. "ஐயா, சொல்லச் சொன்னதையாவது கேட்டுக்குங்க. அந்தக் கப்பல்ல வந்தவங்களுக்குக் கதவைத் திறக்கணுமாம்."

"எந்தத் தேசத்துக்கு இந்த வார்த்தை?"

"உங்களுக்குத்தாங்க. இந்தப் பேரவைக்கு. இந்தக் கதவை."

நெறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "அம்மா, தீர்க்கதரிசனம் இங்க இருந்து வெளிய போறது. வெளியே இருந்து இங்க வர்றது இல்லை."

வீட்டில் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். கண்ணாடிக்காரர் பொறுமையாகக் கேட்டார். அவர் கோயிலுக்கு வந்தால் கடைசி பெஞ்சில் உட்காருகிறவர். பிரசங்கம் நீண்டால் அங்கேயே கண் அசந்துவிடுவார். ஆனால் மனைவி பொய் சொல்லமாட்டாள் என்பதில் அவருக்குப் பெரிய விசுவாசம் இருந்தது.

"ஒரு தடவை முடியாதுன்னு சொல்லிட்டாப் போச்சு. அதுக்கேன் முகத்தைத் தொங்கப்போட்டுட்டு இருக்கே?"

"வாய் வரலீங்களே."

"பழகிப் பாரு. நான் ஆண்டவர்னு வச்சுக்க. இங்க பாரும்மா, நீ போய்..."

"நீங்களா? சமையல்கட்டு லைட்டை மாத்தச் சொல்லி எத்தனை நாளாச்சு? நீங்க ஆண்டவரா?"

"பாத்தியா, எவ்வளவு அழகா மறுக்குறே! இதையே அங்க சொல்லு."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்த கையோடு கண் கலங்கியது. அவர் தட்டை ஒதுக்கிவிட்டு எழுந்துபோய், ஸ்டூலைப் போட்டு ஏறி லைட்டை மாற்றினார்.

மறுநாள் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு நேரே துறைமுகத்துச் சாலைக்குப் போனாள். மழை நின்றபாடில்லை. கொட்டகையின் தரையில் தண்ணீர் ஏறியிருந்தது. ஜனங்கள் மூட்டைகளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தார்கள். நிறைமாதமாக இருந்த ஒரு பெண்ணை மட்டும் மரப்பெட்டி ஒன்றின்மேல் உட்கார வைத்திருந்தார்கள். வேன்காரம்மா ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு, வாய்விட்டுச் சொன்னாள்.

"என்னால முடியாது. வேற யாரையாவது பாருங்க."

சொல்லிவிட்டாள். வைப்பர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது. பதில் ஒன்றும் இல்லை. கோபம் இல்லை, கெஞ்சல் இல்லை. உள்ளே ஒரு வெறுமை மட்டும் வந்து உட்கார்ந்தது. ஒரு வீட்டில் எல்லாரும் சாமான்களை எடுத்துக்கொண்டு போன பிறகு அந்த அறையில் நிற்பதுபோல இருந்தது. அவளால் அதைத் தாங்க முடியவில்லை.

"ஐயோ, சும்மா சொன்னேன்" என்றாள் பதறிப்போய். "அவங்க சொல்லச் சொன்னாங்கன்னு சொன்னேன். போறேன், போறேன்."

"மறுத்தீங்களா?" என்று கேட்டார் நெறியாளர், அவள் மறுபடி குழுவின் முன் வந்து நின்றதும்.

"மறுத்தேங்க. கொஞ்ச நேரம்."

"எவ்வளவு நேரம்?"

"வைப்பர் ரெண்டு தடவை போய்ட்டு வர்ற நேரம்."

குழு தனியறைக்குப் போய் ஆலோசித்து வந்தது. அந்த அளவு மறுப்புக்குத் தேசங்கள் தர இயலாது. தெருக்களும் சந்துகளும் தரலாம். ஆகவே வேன்காரம்மா தற்காலிக வட்டாரத் தீர்க்கதரிசியாக ஏற்கப்பட்டாள். கூடவே ஒரு சலுகை. பேரவையின் தேசங்களுக்கான மாநாட்டில் சாமானிய ஜனங்களின் சார்பில் அவள் மேடையேறி ஒரு வார்த்தை சொல்லலாம். மாநாட்டுக்குத் துறைமுக அமைச்சர் வருகிறார். கப்பல் விவகாரம் செய்தியில் அடிபடுவதால், அந்தத் தீவு தேசம்தான் இந்த ஆண்டின் சிறப்புப் பாரம்.

"அப்ப கதவைத் திறங்கன்னு சொல்லிடவா?" என்றாள் அவள் ஆசையாக.

நெறியாளர் சிரித்தார். "அப்படியே சொல்லக்கூடாது. முதல்ல, திறங்கன்னு சொன்னா யார் திறக்கணும்னு கேள்வி வரும். திறக்கப்படும்னு வைங்க. அதுலயும் ஒரு சிக்கல். திறக்கலைன்னா நாம பொய்யர் ஆயிடுவோம். திறக்கப்படலாம்னு வைங்க. கதவுன்னு சொன்னா ஜனங்க மரக்கதவை நினைச்சுக்குவாங்க. ஆவிக்குரிய வாசல்னு வைங்க. எங்க, சொல்லுங்க பாப்போம்?"

"ஆவிக்குரிய வாசல் திறக்கப்படலாம்."

"அற்புதம்! மெய்யாவே ஆண்டவர் உங்களோட பேசியிருக்காரு."

அதன்பிறகு கண்ணீரம்மாவிடம் பயிற்சி. தேசத்தின் பெயரைச் சொல்லுமுன் கண்ணை மூடவேண்டும். இடது கை நடுங்கலாம், வலது கையில் மைக் இருப்பதால் அது நடுங்கக்கூடாது. குரல் உடையவேண்டிய இடத்தில் உடையவேண்டும். வேன்காரம்மாவுக்கு எதுவும் வரவில்லை. கண்ணீரம்மா சலித்துக்கொண்டார்.

"உங்களுக்கு அழுகையே வராதா?"

"வரும்மா. நேத்துகூட வந்துது. நீங்க ஒருதடவை அந்தக் கொட்டகைக்கு வந்து பாருங்களேன், உங்களுக்கும் வரும்."

"நான் எதுக்கு அங்க போகணும்? எனக்கு இங்கேயே வருதே" என்றார் கண்ணீரம்மா. சொல்லிவிட்டு, ஏனோ, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாநாட்டு நாளன்று காலையில் பேய்மழை. துறைமுகத்துக் கொட்டகைக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்துவிட, காவலுக்கு நின்றவர்களே வேலியைத் திறந்துவிட்டு மேட்டில் ஏறிக்கொண்டார்கள். ஜனங்கள் மூட்டைகளோடு சாலைக்கு வந்தார்கள். எங்கே போவதென்று தெரியாமல் நடந்தவர்கள் பேரவையின் சுற்றுச்சுவரைப் பார்த்தார்கள். அத்தனை தேசத்துக் கொடிகளுக்கு நடுவில் அவர்களுடைய கொடியும் இருந்தது. நீலத்தில் ஒரு வெள்ளைப் பறவை. அவ்வளவுதான், ஒரே ஆரவாரம். தங்கள் தேசத்துத் தூதரகமே இங்கே இருக்கிறது என்று நினைத்துவிட்டார்கள். ஒரு கிழவர் நனைந்த சட்டைக்கு மேலேயே கோட்டை மாட்டிப் பொத்தான் போட்டுக்கொண்டார். பெண்கள் தலையை ஒதுக்கிக்கொண்டார்கள். எல்லாரும் முறையாகக் கேட்டுக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள்.

வேன்காரம்மா ஹோட்டலிலிருந்து கடைசி விருந்தினர்களை ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தபோது கண்ட காட்சி இதுதான். வேனை நிறுத்தி வாட்ச்மேனிடம் கேட்டாள்.

"இவங்களை ஏன் மழையில நிக்க வச்சிருக்கீங்க?"

"கேட்டுப் பாத்தேம்மா. உள்ள இவங்களுக்காகத்தான் ஜெபம் நடக்குதாம். கேட்டைத் திறந்தா சத்தம் வரும், ஜெபம் கெட்டுடும்னு சொல்லிட்டாங்க."

அவள் விருந்தினர்களை இறக்கிவிட்டு நேரே அரங்கத்துக்குள் போனாள்.

அரங்கம் நிரம்பி வழிந்தது. மேடையில் துணியால் செய்த ஒரு கப்பல். அமைச்சர் முன்வரிசையில் இருந்தார். தலைவர் பேசிக்கொண்டிருந்தார்: "அந்தத் தீவின் குழந்தைகளே! உங்கள் கூக்குரல் எங்கள் காதில் விழுகிறது! இரவும் பகலும் விழுகிறது!" அரங்கத்தின் கதவுகள் கனமானவை, வெளியே கேட்டைத் தட்டுகிற சத்தம் கொஞ்சமும் கேட்கவில்லை. கண்ணீரம்மா அழுதார். அரங்கமே அழுதது. ஏசி குளிருக்கு ஆட்கள் துண்டைப் போர்த்திக்கொண்டு அழுதார்கள்.

பிறகு வேன்காரம்மாவின் பெயர் அழைக்கப்பட்டது. மைக்கைக் கையில் கொடுத்தார்கள். நெறியாளர் ஓரத்தில் நின்று உதடுகளை அசைத்து, "ஆவிக்குரிய வாசல்" என்று எடுத்துக் கொடுத்தார்.

"அவங்க கேட்டுக்கு வெளியே மழையில நிக்கிறாங்க" என்றாள் வேன்காரம்மா. "நீங்க யாருக்காக அழறீங்களோ அவங்கதான். கதவைத் திறங்க. ஆண்டவர் சொல்லச் சொன்னது இதுதான், இதுல ஒரு எழுத்தும் நான் மாத்தலை. இவங்க மாத்திக் குடுத்தாங்க. அது என் வாயில வரமாட்டேங்குது."

மைக் செத்தது. பாடகர் குழு எழுந்து பாட ஆரம்பித்தது. ஆனால் முப்பது பிள்ளைகளை அடக்குகிற தொண்டைக்கு மைக் எதற்கு?

"பாட்டை அப்புறம் பாடுங்க! முதல்ல கேட்டைத் திறங்க!"

கடைசி வரிசைவரை கேட்டது. அமைச்சர் திரும்பித் தன் உதவியாளரைப் பார்த்தார். உதவியாளர் தரையைப் பார்த்தார். இரண்டு தொண்டர்கள் மேடைக்கு வந்து அவளுடைய முழங்கையைப் பிடித்தார்கள். "தொடாதீங்க, நானே போறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தாள். நடுவழியில் வரவேற்பு மேஜைக்கார நாத்தனார் முகம் வெளுத்து நின்றாள். "அண்ணி..." என்றாள்.

கேட்டில் வாட்ச்மேன் கையைப் பிசைந்தார். "என் வேலை போயிடும்மா. ஆளுங்களை விடக்கூடாதுன்னு உத்தரவு."

"வேனை விடலாமா?"

வாட்ச்மேன் யோசித்தார். முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. "பேரவை வேன் வந்தா கேட்டைத் திறக்கணும். அதுதான் உத்தரவு. வேனுக்குள்ள யார் இருக்காங்கன்னு பாக்கச் சொல்லி யாரும் சொல்லலையே."

கேட்டுக்கும் அரங்க வாசலுக்கும் நடுவே கல்லெறி தூரம்தான். அந்தத் தூரத்துக்கு வேன்காரம்மா வேன் ஓட்டினாள். ஏற்றினாள், கேட் திறந்தது, இறக்கினாள், கேட் மூடியது, திரும்பிப்போனாள். வாட்ச்மேன் ஒவ்வொரு தடவையும் முறையாக சல்யூட் அடித்தார். கிழவர் கோட்டைச் சரிசெய்துகொண்டு பதில் சல்யூட் வைத்தார்.

அரங்கத்தின் கதவு திறந்து, நனைந்த ஜனங்கள் உள்ளே வந்து நின்றார்கள். பாட்டு ஒவ்வொரு குரலாக நின்றது. யார் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கம்பளத்தில் தண்ணீர் பரவியது. முன்வரிசைப் பக்கம் காலியாக இருந்த நாற்காலியில் நிறைமாதப் பெண் மெதுவாக உட்கார்ந்தாள். கண்ணீரம்மாவுக்கு அப்போது ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து நின்றார். பிறகு தன் சால்வையை எடுத்து அந்தப் பெண்ணுக்குப் போர்த்தினார். கேமரா எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவர் பார்க்கவே இல்லை.

தலைவர் லேசுப்பட்டவர் அல்ல. மூச்சு விடும் நேரம்தான் திகைத்தார். அடுத்த மூச்சில் மைக்கைப் பிடித்தார்.

"கண்டீர்களா! நான் சொன்னது நிறைவேறியது! ஆவிக்குரிய வாசல் திறக்கப்படும் என்று இந்தப் பேரவை முன்னறிவித்தது! இதோ, இந்தத் தேசத்துக்குக் கதவு திறந்தாயிற்று! திறந்த கதவை இனி எவராலும் மூட முடியாது! நான் தீர்க்கதரிசியானால் இந்த வார்த்தை நிற்கும்!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. கேமராக்கள் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டன. அமைச்சர் கிழவரோடு கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்டார். கிழவர் அவரைத் தன் தேசத்துத் தூதர் என்று நினைத்து விம்மி அழுதார்.

சாயங்காலம் அமைச்சரின் கார் போனதும் தலைவர் விளக்குகளை அணைக்கச் சொன்னார். அலுவலக நேரம் முடிந்துவிட்டதாம். ஜனங்கள் வந்த வழியே போகலாமாம், ஜெபம் தொடருமாம். நாத்தனாரைக் கூப்பிட்டு ஒலிபெருக்கியில் அறிவிக்கச் சொன்னார். அவள் மேஜைக்குப் போனாள், ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தாள், திரும்ப வைத்தாள். பிறகு படியேறிப்போய் நாலு மாடியிலும் எல்லா அறைகளின் விளக்கையும் போட்டாள். தலைவருடைய அறையையும் சேர்த்து.

வேன்காரம்மா வேனைக் கேட்டுக்குக் குறுக்கே நிறுத்திச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தாள். தலைவர் குடைபிடித்துக்கொண்டு வந்து கத்தினார். போலீஸ் அதிகாரி ஒருவரும் வந்தார். நாள் முழுக்க நனைந்து களைத்துப்போன மனிதர்.

"யார் உத்தரவுலம்மா இவங்களை உள்ள விட்டீங்க?"

"என் உத்தரவு இல்லீங்க. நான் டிரைவர். சொன்ன இடத்துல இறக்கிவிட்டேன்."

"யார் சொன்னது?"

"ஐயாவைக் கேளுங்க. சொன்னவர் தனக்கு ரொம்ப வேண்டப்பட்டவர்னு தினமும் மைக்குல சொல்றாரே."

அதிகாரி தலைவரிடம் திரும்பினார். "யாருங்க அது?"

தலைவர் குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். அதிகாரி பெருமூச்சு விட்டார். "சரி, அதை விடுங்க. இவங்க அத்துமீறி நுழைஞ்சிருக்காங்கன்னு நீங்க சொன்னா வெளியேத்தறேன். சொல்லுங்க. ஆனா மத்தியானத்துல இருந்து டிவியில உங்களைத்தான் காட்டிட்டு இருக்காங்க, இந்தக் கதவை எவராலும் மூட முடியாதுன்னு. இப்ப நீங்களே மூடச் சொல்றீங்கன்னுதானே நான் மேலிடத்துக்குச் சொல்லணும்?"

மழை குடையின்மேல் கொட்டியது. நெறியாளர் தலைவரின் காதில் என்னவோ சொன்னார். இலக்கணப்படி அது மிகவும் சங்கடமான நிலை என்று சொல்லியிருக்கவேண்டும். தலைவர் வேன்காரம்மாவைப் பார்த்த பார்வையில் அன்பு துளியும் இல்லை. அத்துமீறல் என்று புகார் சொல்லாமலே காரில் ஏறப்போனார். வேன் குறுக்கே நின்றதால் கார் வெளியே போக முடியாது என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. பெரிய கார். கடைசியில் பக்கத்துச் சின்னக் கேட்டின் வழியாக நடந்தே போனார்.

ஜனங்கள் தங்கிவிட்டார்கள். குளிர்நாடுகளுக்கு ஒதுக்கிய மாடியில் கிழவர்களும் கடற்கரைத் தேசங்களுக்கு ஒதுக்கிய மாடியில் பெண்களும் பிள்ளைகளும் படுத்துக்கொண்டார்கள். தீர்க்கதரிசிகளில் சிலர் கோபித்துக்கொண்டு ஹோட்டல் அறை எடுத்து அங்கிருந்து பாரம் சுமந்தார்கள். சிலர் வந்து பாத்திரம் கழுவினார்கள். கண்ணாடிக்காரர் கடை முடிந்ததும் வந்து, பார்வை மங்கிய கிழவர்களுக்குப் பழைய கண்ணாடிகளை மாட்டிப் பார்த்தார். மேலிடத்துப் பேச்சு இன்னும் முடியவில்லை.

எல்லாம் கொஞ்சம் அடங்கிய பிறகு சரிபார்ப்புக் குழு வேன்காரம்மாவைக் கூப்பிட்டது. குழு இப்போது இரண்டு பேராகச் சுருங்கியிருந்தது. கண்ணீரம்மா கீழே துணி உலர்த்திக்கொண்டிருந்தார். வேன் ஒப்பந்தம் முடிந்தது என்றார் தலைவர். அது அவள் எதிர்பார்த்ததுதான். பிறகு நெறியாளர் எழுந்து நின்று வாசித்தார்.

"ஒழுங்கை மீறியும், திருத்தப்பட்ட வார்த்தையைத் திருத்தாத வடிவில் உரைத்தும் பேரவைக்கு மனவருத்தம் விளைவித்தபடியால், உமக்கு உண்டான அழைப்பு இதன்மூலம் ரத்து செய்யப்படுகிறது. இனி நீர் எந்தத் தேசத்துக்கும், மாநிலத்துக்கும், வட்டாரத்துக்கும்..."

"ஒரு நிமிஷம்யா" என்றாள் வேன்காரம்மா. "நீங்க கூப்பிட்டிருந்தாத்தானே நீங்க ரத்து பண்ண முடியும்?"

நெறியாளர் வாசித்த தாளைப் புரட்டிப் பார்த்தார். இதற்கு விதி எதுவும் இல்லை போலிருந்தது.

அப்போது கீழேயிருந்து ஒரு கூச்சல். பல பெண்கள் சேர்ந்து கத்தினார்கள். அவர்களுடைய பாஷை இவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆனால் இவளை அவர்கள் கூப்பிடுகிற பெயர் அதில் இருந்தது: "வேன்! வேன்!" அதற்கு நடுவே நிறைமாதப் பெண்ணின் குரல், பல்லைக் கடித்துக்கொண்டு முனகுகிற குரல், தனியாகக் கேட்டது.

வேன்காரம்மா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"எங்க போறீங்க? இன்னும் வாசிச்சு முடிக்கலை" என்றார் தலைவர்.

"நீங்க வாசிங்க, உக்காந்து நிதானமா வாசிங்க. என்னைக் கூப்பிடறாங்க."

படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினாள். கண்ணீரம்மா ஏற்கெனவே பின்சீட்டில் ஏறி, வலியில் துடிக்கிறவளின் தலையை மடியில் வாங்கிக்கொண்டிருந்தார். வாட்ச்மேன் கேட்டை அகலத் திறந்து வைத்திருந்தார். வேன்காரம்மா கியரைப் போட்டு, ஹாரனை அமுக்கிப் பிடித்தபடி, ஆஸ்பத்திரிப் பக்கம் வண்டியைத் திருப்பினாள்.